அஞ்சற்குறிகளும் காலத்துணிபும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு முத்திரைகளை வகுத்தறியும் முறை

முன்னுரை

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் வரலாற்றுக்குச் சான்றாதல் யாவரும் உடன்பட்டதே. எழுத்தின் வடிவு, மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு ஆகியவற்றைக் கொண்டு சாசனத்தின் காலத்தைக் கணிக்கும் முறையில் நம் மாணவர் நன்கு பழகியுள்ளனர். ஆனால், காலத்தால் நமக்கு மிக அண்மையதாகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் சான்றுகளுள் ஒன்று, இலக்கிய வரலாற்று ஆராய்ச்சியில் பெரும்பாலும் ஏறிட்டுப் பார்க்கப்படாமல் நிற்கிறது. அது, கடிதவுறையின்மேல் அஞ்சல் நிலையத்தார் அடித்த மைக்குறியாகும்.

அந்நூற்றாண்டின் பிற்பாதி தமிழ்நூற் பதிப்புக்குப் பொற்காலம். சுவடி தேடுதல், படியெடுத்தல், ஐயம் வினாதல், அச்சுத்தாள் திருத்துதல் ஆகிய பணிகள் பலவும் கடிதவழியே நடந்தன. அக்கடிதங்களின் முன்பின் வரிசையை அறியாமல், இன்ன பாடத்தை இன்னார் முதலிற் கண்டார் என்று துணிதல் இயலாது. கடிதங்களிற் பலவற்றில் திங்களும் நாளும் மட்டுமே உள்ளன. சிலவற்றில் அறுபதாண்டுச் சுழற்சியின் ஆண்டுப்பெயர் உண்டு. ‘தாது’ என்று கண்டால், பெரும்பஞ்சம் வந்த 1876–77 என நாம் கொள்கிறோம். ஆயினும் 1816–17-உம் 1936–37-உம் தாது ஆண்டுகளே. அறுபதாண்டு இடைவெளியைப் பெரும்பாலும் கடிதத்தின் பொருளே காட்டிக் கொடுத்துவிடும். ஆண்டுப்பெயரே இல்லாத கடிதந்தான் உண்மையில் இடர் தருவது. அங்கே துணைநிற்கவல்லது உறைமேலுள்ள அஞ்சற்குறி.

அக்குறியைச் சான்றாகக் கொள்ளுமுன், அது எவ்வினத்தது, எத்தொழிலுக்காக அடிக்கப்பட்டது, எந்த அமைப்பைச் சார்ந்தது என்னும் மூன்றனையும் அறிதல் வேண்டும். அஞ்சற்குறிகளை வடிவுபற்றி வகுப்பதினும் தொழில்பற்றி வகுப்பதே வரலாற்று மாணவர்க்குப் பயன்தரும் என்பதும், குறியில் உள்ள எழுத்தும் எண்ணும் அவற்றை வழங்கிய அமைப்போடு சேர்த்தன்றிப் பொருள்படா என்பதும் யாம் இங்கே நிறுவ முயலும் கருத்துகளாம்.

குறிகளின் தோற்றமும் தொழிலும்

அஞ்சற்குறி ஒரே காலத்தில் ஒரே நோக்கத்தோடு தோன்றியதன்று. மூன்று வெவ்வேறு தேவைகள் மூன்று வெவ்வேறு காலங்களில் அதனைத் தோற்றுவித்தன. மூன்றன் தொடக்கத்தையும் இங்கிலாந்தில் தெளிவாகக் காணலாம்.

முதலாவது, காலத்தை உணர்த்தல். 1661-இல் ஆங்கில அஞ்சற்றுறையின் தலைவராயிருந்த என்றி பிசப் என்பார், கடிதங்களின்மேல் ஒரு சிறு வட்டமுத்திரையை இடச் செய்தார். வட்டம் குறுக்குக் கோட்டால் இருகூறாக்கப்பட்டு, ஒரு கூற்றில் திங்களின் பெயர்ச்சுருக்கமும் மற்றொன்றில் நாளும் அமைந்தன. ஆண்டு அதில் இல்லை. கடிதத்தைப் பணியாளர் சுணங்கவிட்டனரா என்பதைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கமாதலின், ஆண்டு வேண்டப்படவில்லை. குறி தன்னை இட்டவரின் தேவைக்கு வேண்டியதை மட்டுமே சொல்லும். பிற்காலத்து ஆராய்ச்சியாளரின் தேவையை அது அறியாது. இவ்வுண்மையை முதற் குறியே நமக்கு உணர்த்திவிடுகிறது.

இரண்டாவது, கட்டணத்தை உணர்த்தல். 1680-இல் வில்லியம் டாக்ரா என்பார் இலண்டன் நகருள் ஒரு பென்னிக்குக் கடிதம் சேர்ப்பிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். கட்டணம் முன்னரே செலுத்தப்பட்டது என்பதைக் காட்ட, அவ்வேற்பாட்டில் முக்கோண வடிவான முத்திரை இடப்பட்டது.

மூன்றாவது, அஞ்சல் தலையைச் செல்லாததாக்கல். 1840 மே 6-ஆம் நாள் பிரிட்டனில் அஞ்சல் தலை வழக்குக்கு வந்தது. ஒருமுறை ஒட்டிய தலையை மீண்டும் பயன்படுத்தாவண்ணம் தடுத்தல் அன்றே இன்றியமையாததாயிற்று. அதற்கென ஏற்பட்ட குறி, வடிவொப்புமையால் மால்டாச் சிலுவை என்று பெயர்பெற்றது. கரிய பென்னித் தலையின்மேல் அது சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. அச்சிவப்பு மையைக் கழுவி நீக்கிவிட இயலும் என்பது விரைவில் தெரியவந்தது. ஆகவே 1841-இல் தலையின் நிறம் சிவப்பாகவும் குறியின் மை கறுப்பாகவும் மாற்றப்பட்டன. ஓர் அஞ்சல் தலையின் நிறமே குறியின் பொருட்டு மாறியதென்பது, தலையையும் குறியையும் பிரித்து ஆராய்தல் பொருந்தாது என்பதற்குத் தக்க சான்றாகும்.

‘செல்லாக்காசு’ என்னும் நம் பழைய வழக்கை ஒட்டி, தலையைச் செல்லாததாக்கும் குறியைச் ‘செல்லாக்குறி’ என இக்கட்டுரையில் வழங்குவோம். நாளும் இடமும் காட்டுவதனை ‘நாட்குறி’ என்றும், கட்டணநிலை காட்டுவதனைக் ‘கட்டணக்குறி’ என்றும் கூறுவோம். இம்மூன்றனோடு, கடிதம் சென்ற வழியிலும் சேர்ந்த ஊரிலும் இடப்பட்ட ‘வழிக்குறி’, ‘வரவுக்குறி’ ஆகியனவும், நேரங்கடந்து வந்தது, பெறுவோர் இலர், திருப்பி அனுப்புக என்பன போன்ற செய்திகளைத் தெரிவிக்கும் ‘அறிவிப்புக்குறி’யும் சேரும். வழிக்குறியும் வரவுக்குறியும் வடிவால் நாட்குறியை ஒத்திருப்பினும் தொழிலால் வேறு. ஒரே முத்திரைக்கட்டை காலையில் புறப்படும் கடிதத்துக்கும் மாலையில் வந்துசேரும் கடிதத்துக்கும் பயன்பட்டிருக்கலாம். எனவே, உறையின் எப்பக்கத்தில், எந்த ஊர்ப்பெயரோடு, முகவரியிலுள்ள ஊருக்கு எவ்வுறவில் அக்குறி நிற்கிறது என்பதைக் கொண்டே அதன் தொழிலை அறிதல் வேண்டும்.

இந்திய அஞ்சலில் தலைக்கு முந்திய காலம்

இந்தியாவில் 1837-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டம் பொது அஞ்சலைக் கும்பினி ஆட்சியின் தனியுரிமையாக்கியது. சென்னையில் அதற்கு அரைநூற்றாண்டுக்கு முன்னரே, 1786-இல், தலைமை அஞ்சல் நிலையம் ஏற்பட்டிருந்தது. இக்காலத்துக் கட்டணம் எடையோடு தொலைவையும் பொறுத்தது. அதனைக் கடிதம் அனுப்புவோரோ பெறுவோரோ செலுத்தலாம். பெறுவோர் செலுத்தவேண்டிய கடிதமே ‘பேரிங்’ எனப்பட்டது. இச்சொல் தமிழ்நாட்டுப் பேச்சில் நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

ஆகவே, இக்காலத்து உறைகளில் தலைமை பெறுவது கட்டணக்குறியே. கட்டணம் செலுத்தப்பட்ட கடிதத்துக்குச் சிவப்பு மையும் பேரிங் கடிதத்துக்குக் கறுப்பு மையும் வழங்கின. எழுத்துகள் சிதைந்து படிக்கவியலாத நிலையிலும், மையின் நிறம் கடிதத்தின் கட்டணநிலையை அறிவிக்கக்கூடும். உறையைக் கறுப்பு வெள்ளைப் படியாக மட்டும் எடுத்து வைத்தால் இச்சான்று அழிந்தொழியும் என்பதைச் சுவடிக்காப்பாளர் கருத்திற் கொள்ளுதல் நலம்.

1854-ஆம் ஆண்டின் சட்டமும் எண்ணாகக் குறியும்

1854-ஆம் ஆண்டிற் புதிய அஞ்சற் சட்டம் வந்தது. அதுவும் அவ்வாண்டின் 17-ஆம் சட்டமே. அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் முதல் தொலைவைப் பொறுத்த கட்டணம் நீங்கிற்று. கால் தோலா எடையுள்ள கடிதம் அரையணாவுக்கு நாட்டின் எப்பகுதிக்கும் சென்றது. தலை ஒட்டாத கடிதத்துக்கு இருமடங்கு கட்டணம் விதிக்கப்பட்டது. நாடு முழுமைக்குமான அஞ்சல் தலைகள் வழக்குக்கு வரவே, செல்லாக்குறியும் உடன்வந்தது. தொடக்கத்தில் வழங்கியது புள்ளிகளால் அமைந்த சாய்சதுரக் குறி. அது தலையைச் செல்லாததாக்கியதேயன்றி, எவ்வூரில் அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லவில்லை.

அக்குறையை நீக்கியது 1855-ஐ ஒட்டி வந்த எண்முறை. பிரிட்டனில் இதற்கு முன்மாதிரி இருந்தது. அங்கே 1844-இல் மால்டாச் சிலுவைக்கு மாற்றாக எண்கொண்ட குறிகள் வந்தன. இங்கிலாந்து, வேல்சு நாட்டு நிலையங்களுக்குக் கோடுகளால் ஆன நீள்வட்டமும், காட்லாந்துக்குச் செவ்வகமும், அயர்லாந்துக்குச் சாய்சதுரமும் வகுக்கப்பட்டன. வடிவு நாட்டையும், எண் நிலையத்தையும் காட்டின. இந்தியாவிலும் இவ்வாறே வட்டந்தோறும் அமைப்பு வேறுபட்டது. வங்க வட்டத்தில், கோடுகளால் ஆன எண்கோணத்தின் நடுவே ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தும் அதன்கீழ் நிலையத்தின் எண்ணும் நின்றன. சென்னை வட்டத்துக்கு ‘சி’ என்னும் எழுத்து உரியதாயிற்று. பம்பாய் வட்டத்தில் எழுத்து இல்லை. கோடுகளால் ஆன சாய்சதுரத்தின் நடுவே எண் மட்டும் இருந்தது.

இவ்வமைப்பைத் தெளிவாக விளக்கவல்லன மலையாத் தீவக்குறையைச் சார்ந்த மூன்று நிலையங்கள். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியன அக்காலத்து இந்திய அஞ்சலமைப்பில் வங்க வட்டத்தின்கீழ் இருந்தன. மலாக்காவின் குறி பி 109. பினாங்கின் குறி பி 147. சிங்கப்பூரின் குறி பி 172. இம்மூன்றன் எண்களையும் பெயர்களையும் ஒருங்கு நோக்கினால், எண்கள் ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையைத் தழுவி ஏறிச்செல்வது புலனாகும். எனவே, இவ்வெண்கள் நிலையத்தின் பெருமைபற்றியோ திறக்கப்பட்ட காலம்பற்றியோ அமைந்தன அல்ல. ஒரு பெயர்ப்பட்டியலை முன்வைத்து வரிசையாகப் பகுத்தளிக்கப்பட்டன எனக் கொள்ளலாம். மங்கிப்போன எண்ணைப் படிப்பார்க்கு இவ்வுண்மை பெரிதும் உதவும். ஓர் எண்ணின் ஈற்றிலக்கம் தெரியாதாயினும், அது எவ்வெழுத்தில் தொடங்கும் ஊர்களின் பகுதியில் அமையும் என்பதை ஒருவாறு உய்த்துணரலாம். பின்னர்ச் சேர்க்கப்பட்ட நிலையங்கள் அவ்வரிசைக்குப் புறம்பாக நிற்றல் இயல்பாதலின், இவ்வுய்த்துணர்வு வழிகாட்டியேயன்றி முடிந்த முடிபன்று.

இம்மூன்று ஊர்களும் தமிழர் குடியேற்றத்தோடு நெருங்கிய தொடர்புடையன. 1854 முதல் 1867 வரை அங்கே வழங்கியவை இந்திய அஞ்சல் தலைகளே. அவற்றில் மலாக்கா என்றோ பினாங்கு என்றோ ஒரு சொல்லும் இல்லை. உறையினின்று பிரிந்துபோன தலை ஒன்று நம் கைக்கு வருமாயின், அது பினாங்கிலிருந்து சென்றதா தஞ்சையிலிருந்து சென்றதா என்பதைத் தலை சொல்லாது. அதன்மேலுள்ள ‘பி 147’ என்னும் குறியே சொல்லும். புதுச்சேரி, காரைக்கால் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகள் அனைத்துக்கும் பொதுவான தலைகள் 1859 முதல் வெளிவந்தன. பிரெஞ்சிந்தியாவின் பெயர் பொறித்த தலைகள் வந்தது 1892-இலேதான். இடைப்பட்ட காலத்தில், பொதுத்தலை ஒன்று புதுச்சேரியில் ஒட்டப்பட்டதா, வேறொரு கண்டத்துக் குடியேற்றத்தில் ஒட்டப்பட்டதா என்பதற்குக் குறியன்றி வேறு கரியில்லை.

ஓரெழுத்து, பல பொருள்

இனி, குறிகளைப் படிப்போர் பெரிதும் வழுக்கிவிழும் இடத்தைக் காண்போம். ‘பி’ என்னும் எழுத்தைக் கண்டவுடன் வங்கம் என்று துணிதல் கூடாது.

ஏடன் துறைமுகம் அக்காலத்தில் பம்பாய் மாகாணத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதன் முதற் செல்லாக்குறி, பம்பாய் வட்டத்துக்குரிய சாய்சதுரத்தினுள் நின்ற 124 என்னும் எண். பின்னர் அதே நிலையம் 132 என்னும் எண்ணைப் பெற்றது. அதன்பின், 1870-களில் நாடு முழுமைக்கும் பொதுவான புதியமுறை வகுக்கப்பட்டபோது அது ‘பி–22’ ஆயிற்று. இங்கே ‘பி’ என்பது பம்பாயைக் குறிக்கும். ஒரே நிலையம் இருபது ஆண்டளவில் மூன்று குறிகளைப் பெற்றதும், ஒரே எழுத்து முன்னர் வங்கத்தையும் பின்னர்ப் பம்பாயையும் சுட்டியதும் இவ்வொரு சான்றாலேயே விளங்கும். இனி, பிரிட்டிசு அஞ்சற்றுறை வெளிநாடுகளில் நடத்திய நிலையங்களுக்குத் தனியெண்கள் உண்டு. அவ்வரிசையில் அலெக்சாந்திரியா ‘பி 01’, சூயசு ‘பி 02’. இவ்வெழுத்து வங்கமும் அன்று, பம்பாயும் அன்று. எண்வரிசையின் ஒரு பகுப்பு மட்டுமே. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே எகிப்து வழியே சென்ற கடிதங்களை ஆராய்வார் இம்மூன்று ‘பி’க்களையும் சந்திக்க நேரும்.

எனவே, ‘இவ்வெழுத்து எதைக் குறிக்கும்?’ என்பது முதல் வினாவாதல் தகாது. ‘இக்குறி எந்த அமைப்பைச் சார்ந்தது?’ என்பதே முதல் வினா. அமைப்பை உணர்த்துவன குறியின் சட்டகம், கோடுகளின் அடுக்கு, எழுத்தும் எண்ணும் நிற்கும் நிலை, அது அடிக்கப்பட்ட தலையின் காலம் ஆகியன. ‘கோ’ என்னும் சொல்லைக் கண்டவுடன் அரசன் என்றோ பசு என்றோ துணியாமல், இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் உரையாசிரியர் நெறியே இங்கும் வேண்டற்பாலது.

ஆட்சி மாறினும் மாறாத முத்திரைக்கட்டை

மற்றொரு வழுவும் உண்டு. குறி ஓர் அமைப்பைச் சார்ந்ததென அறிந்தபின், அவ்வமைப்பின் காலமே குறியின் காலம் என்று கொள்ளுதல் அவ்வழு.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியன 1867 ஏப்பிரல் 1-ஆம் நாள் இந்திய ஆட்சியினின்று நீங்கிப் பிரிட்டிசு முடியரசின் நேர்க் குடியேற்றமாயின. அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் அவற்றுக்கெனத் தனித்தலைகள் வந்தன. அவையும் இந்தியத் தலைகளின்மேல் முடியுருவமும் சென்டு மதிப்பும் பொறிக்கப்பட்டனவே. ஆனால், ‘பி 172’ என்னும் கட்டை உடனே ஒதுக்கப்படவில்லை. புதிய தலைகளின்மேலும் அக்குறியே விழுந்தது. வங்க வட்டத்தின் தொடர்பு அற்ற பின்னரும் வங்கத்தின் எழுத்து சிங்கப்பூர்க் கடிதங்களில் நிலைத்தது. அரசாணை ஒரு நாளில் மாறிவிடும். நிலையத்தின் மேசைமேற் கிடக்கும் கட்டை தேயுங்காறும் உழைக்கும்.

ஆகவே, காலத்துணிபில் தலையும் குறியும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். தலை, கடிதம் எக்காலத்துக்கு முந்தியதாதல் இயலாது என்பதை வரையறுக்கும். யானைத்தலை நீர்க்குறியுள்ள தாளில் அச்சான இந்தியத் தலை 1865-க்கு முந்தியதன்று. ‘ஈசுட்டு இந்தியா’ என்பது போய் ‘இந்தியா’ என்றே பொறிக்கப்பட்ட தலை 1882-க்கு முந்தியதன்று. இவை மேலெல்லையைக் காட்டுவன அல்ல. பழைய தலையை வாங்கிவைத்துப் பின்னர் ஒட்டுவார் எக்காலத்தும் உண்டு. செல்லாக்குறி இடத்தைக் காட்டும். நாட்குறி நாளைக் காட்டும். மூன்றும் முரணாது ஒருங்கு நிற்குமிடத்தே துணிபு பிறக்கும்.

நாட்குறியைப் படிக்கும் நெறி

எண்முறைச் செல்லாக்குறி இடத்தைச் சொன்னதேயன்றி நாளைச் சொல்லவில்லை. நாட்குறி தனியே, பெரும்பாலும் உறையின் பின்புறத்தே இடப்பட்டது. ஒரு கடிதத்துக்கு இருமுறை கட்டையடிக்கும் உழைப்பைக் குறைக்க, இரண்டனையும் ஒரு பிடியில் பொருத்தும் வழக்கம் பிரிட்டனில் 1850-களில் தோன்றிப் பரவியது. இந்தியாவும் அதனைப் பின்னர் மேற்கொண்டது. இதனை இணைக்குறி எனலாம். நூற்றாண்டின் இறுதி இருபதாண்டுகளில் சதுரத்துள் வட்டம் அமைந்த குறி பெருவழக்காயிற்று. நடுவட்டம் ஊரும் நாளும் கூறும். நான்கு மூலைகளிலும் அமைந்த கோடுகள் தலையைச் செல்லாததாக்கும். இங்கே ஒரு குறியே இரு தொழிலையும் செய்கிறது.

நாட்குறியில் ஊர்ப்பெயர்கள் ஆங்கிலேயர் செவிக்கேற்பச் சிதைந்த வடிவில் நிற்கும். திரிச்சினாப்பொலி, தாஞ்சூர், நெகபட்டாம், தின்னவெல்லி, பாளம்கோட்டா, தூத்துக்கோரின் முதலியன காண்க. இவற்றுள் சில ஊர்களின் எழுத்துக்கூட்டு ஒரே நூற்றாண்டில் பலவாறாக வேறுபட்டது. ஓர் ஊரின் நாள்தெரிந்த குறிகளை வரிசைப்படுத்தினால், நாள் சிதைந்த குறியை அதன் எழுத்துக்கூட்டைக் கொண்டே ஓரளவு இடம்பொருத்தலாம். கல்வெட்டில் எழுத்தமைதி செய்யும் பணியை இங்கே எழுத்துக்கூட்டு செய்கிறது. அன்றியும், குறியில் ஊர்ப்பெயர் இல்லாமல் ஒரு வழித்தடத்தின் அடையாளமே இருத்தலும் உண்டு. 1863-இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே ஓடும் வண்டியிலேயே கடிதம் பிரிக்கும் முறை இந்தியாவில் தொடங்கிற்று. அதனைத் தொடர்ந்து பெருகிய ஓடும் நிலையங்களின் குறி, கடிதம் எழுந்த ஊரைக் காட்டாது; அது சென்ற வழியையே காட்டும்.

முத்திரைக்கட்டையில் நாளும் திங்களும் அன்றாடம் மாற்றிச் செருகத்தக்கனவாய் அமைந்தன. மாற்ற மறந்த நாளும், தலைகீழாகச் செருகிய எண்ணும் இயல்பாகவே நேர்வன. ஆகவே, ஒற்றை நாட்குறியை மட்டும் நம்புதல் தகாது. புறப்பாட்டுக்குறியும் வரவுக்குறியும் ஒன்றையொன்று அளக்கவேண்டும். புறப்பாடு ஒன்பதாம் நாள் எனவும் வரவு எட்டாம் நாள் எனவும் தோன்றின், இரண்டில் ஒன்று பிழை. அல்லது நம் படிப்புப் பிழை.

இந்நெறிக்குப் பெருந்துணையாய் வந்தது அஞ்சலட்டை. 1879 சூலை 1-ஆம் நாள் இந்தியாவில் காலணா அட்டை வெளிவந்தது. உறை கடிதத்தினின்று எளிதிற் பிரிந்துபோவது. கடிதத்தைப் பேணிய புலவரும் உறையைப் பேணாமல் விட்டதுண்டு. அட்டையிலோ செய்தியும் குறியும் ஒரே தாளின் இருபுறங்கள். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பேணுதல் இயலாது. எனவே, 1879-க்குப் பிந்திய கடிதத்தொகுதி எதனையும் வரிசைப்படுத்தப் புகுவார், முதலில் அட்டைகளைப் பிரித்தெடுத்து நாள்முறையில் அடுக்கி, அவற்றையே அளவுகோலாகக் கொண்டு ஏனைக் கடிதங்களை இடையிடையே பொருத்துதல் தக்க முறையாகும்.

வடிவுவழி வகுப்பும் தொழில்வழி வகுப்பும்

அஞ்சற்குறிகளை முதன்முதல் ஊன்றி ஆராய்ந்தவர் அஞ்சல் தலை தொகுப்போரே. ஆசுபர்க், ஸ்டூவர்ட்டு வில்சன், கிராப்டன் ஆகிய மூவரும் 1907-இல் வெளியிட்ட பிரிட்டிசு இந்திய அஞ்சல் தந்தித் தலைகள் பற்றிய நூலும், பின்னர்ச் சால் கூப்பர் இந்தியச் செல்லாக்குறிகள்பற்றிச் செய்த ஆராய்ச்சியும் இத்துறைக்கு அடிப்படையிட்டன. அவர்தம் உழைப்பின்றி இன்று ஓரெண்ணையும் ஓரூரோடு பொருத்த இயலாது. அந்நன்றியை மறவாமலே, அவர் மரபின் வடிவுவழி வகுப்பு வரலாற்று மாணவர்க்குப் போதாமையைச் சுட்டுகின்றோம்.

தொகுப்போர்க்கு வட்டம் ஓரினம், எண்கோணம் ஓரினம், சாய்சதுரம் ஓரினம். அருமைப்பாடும் விலையும் அவற்றைப் பொறுத்தன. ஆனால், ஒரே வட்டம் புறப்பாட்டையும் குறிக்கும், வரவையும் குறிக்கும். ஒரே சாய்சதுரம் அயர்லாந்தையும் குறிக்கும், பம்பாயையும் குறிக்கும். வடிவை முதற்பிரிவாகக் கொண்டால் வேறானவை ஒன்றாகவும், ஒன்றானவை வேறாகவும் தோன்றும். ஏடனின் மூன்று குறிகள் வடிவுவழி வகுப்பில் சிதறிப்போம். தொழில்வழி வகுப்பில் ஒரு நிலையத்தின் தொடர்வரலாறாகக் கூடிநிற்கும். ஆதலின், தொழிலை முதற்பிரிவாகவும், அமைப்பை இரண்டாம் பிரிவாகவும், நிலையத்தை மூன்றாம் பிரிவாகவும், வடிவையும் மையையும் நான்காம் பிரிவாகவும் கொண்டு வகுத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. இந்நான்கனையும் குறித்தபின் நாளைப் படித்தலே முறை. நாளை முதலிற் படித்துவிட்டு அதற்கேற்பப் பிறவற்றைப் பொருத்துதல், முடிபை முன்வைத்துச் சான்றைத் தேடுதல் போல்வதாம்.

தமிழ்க் கடிதங்களில் இந்நெறி

இவ்வாராய்ச்சி நம் இலக்கிய வரலாற்றுக்கு எவ்வாறு பயன்படும் என்பதை ஓரிடத்து வைத்துக் காண்போம். 1887-ஆம் ஆண்டு பதிப்பு வரலாற்றிற் சிறப்புடையது. உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும், சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் அவ்வாண்டில் வெளிவந்தன. ஒரே ஆண்டில் இருபெரும் பதிப்புகள் நிகழ்ந்தவிடத்து, ‘1887’ என்று ஆண்டை மட்டும் அறிதல் போதாது. திங்களும் நாளும் வேண்டும். ஆண்டுப்பெயரின்றித் திங்களும் நாளும் மட்டுமே எழுதப்பட்ட கடிதத்துக்கு ஆண்டு வேண்டும். இரண்டனையும் ஒருங்கே தரவல்லது அஞ்சற்குறி.

சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியிலும், அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். எனவே, அவர்க்கு வந்த நாள்சிதைந்த உறையில் கும்பகோணத்து வரவுக்குறி காணப்படின், அது 1903-க்கு முந்தியதாதற்கு வாய்ப்பு மிகுதி. விடுமுறைக் காலத்தில் வேற்றூருக்கு மாற்றி அனுப்பப்பட்ட கடிதங்களும் உண்டாதலின், முகவரி திருத்தப்பட்டுள்ளதா என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.

இங்கே ஒரு வரையறையை வற்புறுத்துதல் கடன். அஞ்சற்குறி கடிதம் கையாளப்பட்ட நாளைக் காட்டுமேயன்றி, எழுதப்பட்ட நாளைக் காட்டாது. எழுதி ஒருவாரம் வைத்திருந்து அனுப்புவாரும் உளர். ஆயினும், ஒன்று உறுதி. எழுதிய நாளுக்கு முந்திய நாட்குறி இருத்தல் இயலாது. மார்கழி ஐந்தாம் நாள் என எழுதப்பட்ட கடிதம் திசம்பர் 18-ஐ ஒட்டியது. அதனோடு வைக்கப்பட்டுள்ள உறையின் புறப்பாட்டுக்குறி நவம்பர் மாதத்ததாயின், அக்கடிதமும் அவ்வுறையும் ஒன்றற்கொன்று உரியன அல்ல. பிற்காலத்தில் எவராலோ மாறிவைக்கப்பட்டன. இச்சோதனையைச் செய்யாமல் உறையின் நாளைக் கடிதத்துக்கு ஏற்றுதல், ஒரு நூலின் பாயிரத்தை மற்றொரு நூலுக்குக் கட்டிவைத்தல் போன்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், அஞ்சற்குறி காலங்காட்டல், கட்டணங்காட்டல், தலையைச் செல்லாததாக்கல் என்னும் மூன்று தொழில்களிலிருந்து தோன்றி விரிந்தது என்பதும், அதிலுள்ள எழுத்தும் எண்ணும் அமைப்பை நோக்கியே பொருள்படும் என்பதும், கட்டை ஆட்சியினும் நெடிது வாழும் என்பதும், தலை, குறி, கடிதம் ஆகிய மூன்றும் முரணாதவிடத்தே காலத்துணிபு நிலைபெறும் என்பதும் புலனாம்.

இவற்றினின்று செயற்பாலன சில உள. தலையின்பொருட்டு உறையை நனைத்துப் பிரித்தல் கூடாது. கடிதத்தொகுதிகளை மின்படிமமாக்குவோர் எழுத்துள்ள பக்கத்தோடு நில்லாது, உறையின் இருபுறங்களையும் நிறத்தோடு படியெடுத்தல் வேண்டும். கடிதங்களைப் பதிப்பிப்போர் நாளைத் தலைப்பில் இடும்போது, அது எழுதியோர் குறித்ததா, அஞ்சற்குறியால் துணிந்ததா, பொருள்நோக்கி உய்த்துணர்ந்ததா என்பதை வேறுபடுத்திக் காட்டல் வேண்டும். தமிழகத்து நிலையங்களின் நாள்தெரிந்த குறிகளை ஊர்வாரியாகத் தொகுத்து வரிசைப்படுத்தும் பணியைத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இணைந்து மேற்கொள்ளுமாயின், நாளில்லாக் கடிதங்கள் பல தம் நாளைப் பெறும். பதிப்பாசிரியர் ஒருவர் மற்றொருவர்க்குப் பட்ட கடனும், ஒருவர் மற்றொருவரை முந்திய இடமும் அவற்றால் ஐயத்தின் நீங்கித் தெளியும்.